அறுபத்திரண்டு கிலோ

சின்ன மாப்பிள்ளையின் கழுத்து மறுபடியும் போய்விட்டது.

மாப்பிள்ளை என்று நாங்கள் சொல்வது பொம்மையை. மனிதனுக்குரிய எடை, மனிதனுக்குரிய மூட்டுகள், உள்ளே அளவுக் கருவிகள், மேலே விமானியின் உடுப்பும் ஹெல்மெட்டும். புது உடுப்பு மாட்டி, நாலு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைத்து, இறுக்கிக் கட்டிவிட்டு, எல்லாரும் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதால் அந்தப் பெயர் வந்தது. பெரியவர், நடுவர், சின்னவர் என்று மூன்று மாப்பிள்ளைகள். பெரியவருக்கும் நடுவருக்கும் ஒரு குறையும் இல்லை. சின்னவரை உட்கார வைத்தால் மட்டும் சோதனை ஊத்திக்கொள்ளும்.

நாட்டுக்கென்று சொந்தமாக ஒரு போர் விமானம் செய்துகொண்டிருந்தார்கள். அதில் விமானியின் சீட் மட்டும் எங்கள் பிரிவின் பொறுப்பு. விமானம் கைவிட்டுவிட்டால் விமானி தொடைகளுக்கு நடுவே இருக்கும் கைப்பிடியை இழுப்பார். அடியில் இருக்கிற வெடிமருந்து அவரைச் சீட்டோடு வெளியே தூக்கி எறியும், பிறகு பாராசூட் விரியும். இந்தச் சீட்டை வெளிநாட்டில் வாங்குவதாகத்தான் முதலில் பேச்சு. அவர்கள் கையை விரித்துவிட்டார்கள், நாமே செய்வோம் என்று முடிவானது. முடிவு செய்தவர்களில் ஒருவரும் அதில் உட்காரப் போவதில்லை என்பதால் அது சீக்கிரமே முடிவானது.

சோதனைக்கு, விமானத்தின் மூக்கு மாதிரி ஒரு கூண்டைச் செய்து தண்டவாளத்தில் ஏற்றி, பின்னால் ராக்கெட்டைக் கொளுத்தி ஓடவிடுவோம். வேகம் பிடித்ததும் சீட் வெடித்துக் கிளம்பும். நான் படம் பிடிக்கிறவன். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துபோவதை ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்துக்கு இழுத்துக் காட்டும் கேமராக்கள் என்னிடம் இருந்தன. அன்று மதியம் படம் பார்க்கும் அறையில் சின்னவரின் தலை பின்னால் சாய்ந்து, நின்று, முன்னால் விழுந்து, மறுபடி பின்னால் போனதை எல்லாரும் பார்த்தோம். ஹெல்மெட்டோடு அந்தத் தலை "சரி, சரி" என்று ஆட்டுவதுபோல் இருந்தது. யாரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.

எங்கள் பிரிவுத் தலைவரை நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். வயது காரணம் இல்லை. கடிந்து பேசத் தெரியாதவர், யாராவது தவறு செய்தால் தானே போய்த் திருத்திவிட்டு வருகிறவர். தலைமுடி கறுப்பாக இருந்தபோது இந்தச் சீட்டில் கைவைத்தவர். அவர் மனைவி சோதனை விமானி. அந்த முறையில் அவர் எங்களுக்கு அண்ணி. புது விமானத்தின் முதல் பறப்புக்கு அண்ணியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஓடுபாதையில் அதை ஓட்டிப் பார்த்தபோது பிரேக் தீப்பிடித்ததும் டயர் வெடித்ததும் எல்லாம் அவர் கையில்தான். அவர் படம் போட்ட சுவரொட்டிகூட அச்சாகிவிட்டது.

அண்ணிக்கு எடை ஐம்பத்தைந்து கிலோ. சின்ன மாப்பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே எடை.

விஷயம் இவ்வளவுதான்: வெடிமருந்துக்கு ஆள் தெரியாது. நிறைமூட்டையையும் அரைமூட்டையையும் ஒரே பலத்தோடு உதைக்கும். அரைமூட்டை கன்னாபின்னாவென்று வேகமாகக் கிளம்பும். தலையில் இருக்கிற ஹெல்மெட்டோ எல்லாருக்கும் ஒரே கனம். தடித்த கழுத்து தாங்கிக்கொள்ளும், மெல்லிய கழுத்து தாங்காது. சரிசெய்ய வேண்டுமென்றால் தலை சாய்கிற பலகையை மாற்ற வேண்டும், லேசான ஆளுக்குப் பாராசூட் கொஞ்சம் தாமதமாக விரியும்படி செய்ய வேண்டும். ஒரு வருடமாவது பிடிக்கும் என்றார் அண்ணன்.

அதைக் கேட்டு எங்கள் திட்ட இயக்குநருக்கு முகம் கோணியது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தேதிக்காரர். செத்த வீட்டுக்குப் போனாலும் எடுக்கிற நேரத்தை உறுதி செய்துகொண்டுதான் உட்காருவார். முதல் பறப்புக்கு அவர் நாள் குறித்து, மேலிடத்துக்குச் சொல்லி, மேலிடம் மேடைக்கே ஏற்பாடு செய்துவிட்டது.

"ஒரு வருஷமா? விளையாடறீங்களா? அறுபத்திரண்டு கிலோவுக்குக் கீழ இருக்கறவங்க உக்காரக் கூடாதுன்னு ஒரு வரி போடுங்க. தீந்துது" என்றார் கூட்டத்தில்.

கூட்டத்தில் அண்ணியும் இருந்தார். எல்லார் கண்ணும் அவரிடம் போய்விட்டு அண்ணனிடம் வந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "போடலாம்" என்றார்.

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொல்லவில்லை என்பது அண்ணியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கட்டிய மனைவிக்கு அப்படி ஒரு செய்தியை இருபது பேர் முன்னால் சொல்கிற மனிதரை நான் அதற்குமுன் நல்லவர் என்று நினைத்திருந்தேன்.

அண்ணி கேட்டது ஒன்றுதான். "எடை எப்ப பாப்பீங்க?"

"பறக்கற அன்னிக்குக் காலைல" என்றார் தேதிக்காரர்.

"சரி. நான் வந்துடறேன்."

அன்றிலிருந்து அண்ணி தின்ன ஆரம்பித்தார். சாப்பிட்டார் என்று எழுதக் கை வரவில்லை. அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பால். கேன்டீனில் மற்றவர்கள் எழுந்து போன பிறகும் தட்டோடு உட்கார்ந்திருப்பார். மாற்று விமானியாக இருந்தவனை நெட்டை என்போம். ஆறடிக்கு மேல், ஒட்டகம் மாதிரி. அவன் தினமும் தன் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அண்ணியின் தட்டில் வைப்பான்.

"நாட்டுக்காக இன்னொண்ணு, அண்ணி."

எல்லாரும் சிரிப்போம். அண்ணியும் சிரித்துவிட்டு அதை வாயில் போட்டுக்கொள்வார். மருத்துவ அறையில் வாரம் ஒருமுறை எடை பார்க்கிற டாக்டர், எண்ணைக் கதவுக்கு வெளியே கேட்கும்படி உரக்கச் சொல்வார். வராந்தாவில் கைதட்டல் எழும். ஒரு நாள் கழிவறைப் பக்கம் போனபோது உள்ளே யாரோ குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நேராக கேன்டீனுக்குப் போய் இன்னொரு தட்டு வாங்கினார். இடுப்பு பெருத்தது, கன்னம் உப்பியது. பறக்கும் உடுப்பைப் பிரித்துத் தைத்தார்கள். கழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

அண்ணனுக்கு அது தெரியாதா? சீட்டைச் செய்தவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் வேலை முடிகிற நேரத்தில் இரண்டு பேரும் என் அறைக்கு வந்தார்கள். சின்னவரின் படத்தைப் போடச் சொன்னது அண்ணி. போட்டேன். தலை பின்னால் போனது, முன்னால் வந்தது.

"நிறுத்துப்பா" என்றார் அண்ணி. நிறுத்தினேன். திரையில் தலை முதுகைத் தொடுகிற மாதிரி கிடந்தது.

"இது நான்தானே?" என்று அண்ணனிடம் கேட்டார்.

"அவன் ஐம்பத்தஞ்சு. நீ இப்ப அறுபதாயிட்டே."

"எங்க ஏறிச்சு அந்த அஞ்சு கிலோ? கழுத்துலயா?"

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "நீ இருப்பா" என்றார் அண்ணி. சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். "எடை இல்ல, கழுத்துதான் பிரச்சினை, சீட் இன்னும் தயாராகலைன்னு சொல்லுங்க. அந்த நிமிஷமே இறங்கிடறேன்."

"கழுத்துன்னு சொன்னா, எந்தத் தராசுல கழுத்தை நிறுத்துக் காட்டறது? அந்த வரியும் போச்சு, சீட்டும் போச்சு. ஒரு வருஷம் கழிச்சு வேற ஒருத்தன் தலைவரா உக்காந்திருப்பான்." அண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. "நீ பேசாம விலகிக்கயேன். நெட்டை இருக்கான்ல?"

"நானா விலகினா பயந்துட்டாள்னு சொல்வாங்க. நீங்க சொன்னா அது உண்மையா இருக்கும்."

"உன் பிடிவாதத்துக்கு நான் பலியாகணுமா?"

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு பலியாகறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அண்ணன் என்னிடம், "இதையெல்லாம் வெளியில பேசிட்டிருக்காதே" என்றார்.

பறக்கிற நாள் வந்தது. காலையில் அண்ணி தராசில் ஏறியபோது டாக்டர், நெட்டை, தேதிக்காரர், நாங்கள் என்று அறை கொள்ளாத கூட்டம். முள் அறுபத்திரண்டைத் தாண்டி நின்றது. முந்தின நாளிலிருந்து தண்ணீராகக் குடித்து வயிற்றை நிரப்பியிருந்தார், முகம் வெளிறி வியர்த்திருந்தது. ஆரவாரம் அடங்கியதும் தேதிக்காரர் வழக்கப்படி பிரிவுத் தலைவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். எஞ்சின், சரி. சக்கரம், சரி. மின்சாரம், சரி.

"சீட்?"

அண்ணி தராசிலிருந்து இறங்காமல் நின்றார். கணவரைப் பார்த்தார். தயாராகவில்லை என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை முட்டையும் உள்ளே போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரி" என்றார் அண்ணன்.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு கறாரான விதி உண்டு. எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் பறக்கிறவரிடம் ஒருவர் மட்டும்தான் பேசலாம். அவர் ஓய்வுபெற்ற விமானி, பெயரே குரல். எங்களுக்கு என்ன தோன்றினாலும் அவரிடம்தான் சொல்ல வேண்டும். தேவை என்று பட்டால் அவர் மேலே சொல்வார். பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் மேலிடத்துப் பெரிய மனிதர்கள், ஒலிபெருக்கி வழியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

விமானம் எழும்பியபோது அறையே ஆட்டம் போட்டது. தேதிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் கை வலிக்கத் தட்டினேன், அதை மறைக்க மாட்டேன். அத்தனை வருடம் தரையில் பார்த்த இரும்பு அன்று மேலே போயிற்று.

திரும்பி வருவதற்காக அண்ணி விமானத்தைச் சாய்த்துத் திருப்பினார். சாய்த்தால் அதன் வயிறு மறைத்து எங்களுக்கு வரும் சிக்னல் அறுந்துவிடும். திரைகள் எல்லாம் கடைசி எண்ணைக் காட்டியபடி உறைந்து நிற்கும், பேச்சு மட்டும் வரும். பழகிப்போன தலைவலி என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

"எஞ்சின் அணைஞ்சிடுச்சு" என்றார் அண்ணி. கடையில் சில்லறை இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

எஞ்சின்காரர்கள் உறைந்த திரையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். விமானத்துக்கு இருப்பது ஒரே எஞ்சின்.

"மறுபடி ஏத்திப் பாரு" என்றார் குரல்.

"பாக்கறேன்."

கொஞ்ச நேரம் இரைச்சல். குரல் உயரத்தைக் கேட்டார், அண்ணி சொன்னார். கேட்டதும் குரலின் கை மேசையை இறுகப் பிடித்தது. "போதும். குதிச்சிரு" என்றார்.

ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும்.

"கேக்குதா? குதி!"

"என் வீட்டுக்காரரைக் கேளுங்க" என்றார் அண்ணி. "குதிக்கலாமான்னு. அவர் வாயால சொல்லட்டும்."

குரல் இதுவரை செய்யாததைச் செய்தார். தலையிலிருந்து ஒலிவாங்கியைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினார். ஒருவர் விடாமல் எல்லாரும் அண்ணனைத்தான் பார்த்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் எழுந்து நின்றுவிட்டார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. சீட்டும் போகும், பதவியும் போகும், மேடையும் போகும். மனைவி இருப்பார், உயிரோடு இறங்கினால். அண்ணன் ஒலிவாங்கியை வாய்க்கருகே கொண்டுபோனார். ஒரு முறை கண்ணாடிச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அப்படித் திரும்பிப் பார்த்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"குதிக்கலாம்" என்றார்.

விமானம் நிமிர்ந்திருக்க வேண்டும். திடீரென்று திரைகள் உயிர்பெற்றன. எண்கள் ஓட ஆரம்பித்தன. எஞ்சின்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து, "ஓடுது! எஞ்சின் ஓடுது!" என்று கத்தினார்.

"ஓடுது" என்றார் அண்ணியும். "இறங்கறேன்."

பூ மாதிரி இறக்கினார். தேதிக்காரர் குரலைக் கட்டிப்பிடித்தார், நெட்டையைக் கட்டிப்பிடித்தார், என்னையும் பிடித்தார். அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அவர் முதுகில் தட்டிவிட்டு ஆளுக்காள் வெளியே ஓடினோம்.

மேடை, மாலை எல்லாம் முடிந்து மதியம் கூட்டம் நடந்தது. பறந்தவர் முதலில் பேச வேண்டும் என்பது முறை. அண்ணி இன்னும் பறக்கும் உடுப்பில் இருந்தார். எஞ்சின் அணைந்த விதத்தைத் தெளிவாக விளக்கினார். பிறகு, "இன்னொண்ணு" என்றார்.

"குதிக்கலாமான்னு நான் கேட்டப்ப எஞ்சின் ஏற்கெனவே ஓட ஆரம்பிச்சிடுச்சு. உங்க திரையில வரலை, அவ்வளவுதான்."

தேதிக்காரர் முகத்திலிருந்த சிரிப்பு மறைய நேரம் எடுத்துக்கொண்டது. "அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான். எஞ்சின் வராம போயிருந்தாலும் குதிச்சிருக்க மாட்டேன். எங்கயாவது வெறும் தரையாப் பாத்து இறக்கியிருப்பேன், இல்ல அதோட போயிருப்பேன். அந்தச் சீட் என் கழுத்தை முறிச்சிடும். எடை ஏறினாலும் முறிக்கும். அவருக்குத் தெரியும். படம் இருக்கு."

படம் என்றதும் நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள், மேசையில் இருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தேதிக்காரர் அண்ணன் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

இப்போது எஞ்சின் அணைந்திருக்கவில்லை. உயரம் குறைந்துகொண்டிருக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை. யோசிக்க வேண்டிய மட்டும் யோசிக்கலாம். பதறிவிட்டேன், வாய் தவறிவிட்டது என்று சொன்னால் அண்ணியே ஏற்றுக்கொண்டிருப்பார், நாங்களும் அழுதிருப்போம்.

அண்ணன் யோசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"விதிப்படி எடை இருந்துது" என்றார். "குதிக்கலாம்."

அண்ணி தலையை ஒரு முறை ஆட்டிக்கொண்டார், கணக்கு சரியாக வந்துவிட்டது என்பதுபோல.

மற்றதெல்லாம் கடகடவென்று நடந்தது. பறக்கும்போது இல்லாத ஆபத்தை இருப்பதாகக் காட்டிக் கட்டுப்பாட்டு அறையைக் கலவரப்படுத்தியவர். சீட்டைப் பற்றி அளவுக்கு மீறிய பயம் பிடித்தவர். மனம் தளர்ந்திருக்கிறது, ஓய்வு தேவை. தேதிக்காரர் சொல்லச் சொல்ல டாக்டர் தலையாட்டினார். இரண்டாவது பறப்புக்கு நெட்டை. "பயப்படறது தப்பில்லம்மா" என்று தேதிக்காரர் அண்ணியிடம் ஆறுதலாகச் சொன்னார். நெட்டை எழுந்து, "அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்றான். அந்த நாயை அங்கேயே அறைந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். அண்ணி தன் காரில் உட்கார்ந்திருந்தார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் காரில்தான் இருவரும் தினமும் வருவதும் போவதும். அண்ணன் கதவுக்குப் பக்கத்தில், திறக்கலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தனை பேர் முன்னால நான் வேற என்ன சொல்ல முடியும்?" என்றார்.

அண்ணி காரின் கண்ணாடியை இறக்கினார். கோபம் இல்லை, அழுகை இல்லை. களைத்துப்போயிருந்தார், உப்பிய கன்னத்தில் ஹெல்மெட்டின் தடம் இன்னும் இருந்தது.

"ஏறுங்க" என்றார். "நான் ஓட்டற வண்டியில உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அண்ணன் சுற்றிப்போய் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். மாட்டியது சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.